காற்புள்ளி இடும் இடம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது நாம் அஞ்சுவன பல. எழுத்துக்கூட்டல் அச்சுறுத்தும், வினைச்சொல்லின் காலம் அச்சுறுத்தும், ‘எ’, ‘த’ என்னும் சிறு சொற்கள் எங்கு வரும், எங்கு வாரா என்பது இறுதிவரை விளங்காது. ஆனால் காற்புள்ளியைக் கண்டு அஞ்சிய மாணவர் எவரையும் நான் கண்டதில்லை. எழுதி முடித்தபின் வாக்கியம் நீளமாகத் தோன்றும் இடத்தில் ஒன்றைத் தூவிவிட்டால் போயிற்று என்பதே நம்மில் பலருடைய கொள்கை. பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்து, இங்கு வந்து பகுதி இரண்டில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய எனக்கும் சென்ற ஆண்டுவரை அதுவே கொள்கையாக இருந்தது.

சென்ற ஆண்டு ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். குடும்ப நிலையை ஆங்கிலத்தில் பத்து வரிகளுக்குள் எழுத வேண்டும் என்பது விதி. எனக்கு ஒரே அண்ணன். திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை, மணமாகித் தனிக்குடித்தனம். இதை நான் எழுதிய வாக்கியம் இது: “மை பிரதர் ஹூ ஒர்க்ஸ் இன் திருப்பூர் லிவ்ஸ் செபரேட்லி.” மூன்று வாரம் கழித்து மறுமொழி வந்தது. குடும்பத்தோடு வசிக்கும் மற்றச் சகோதரர்களின் வருமான விவரத்தையும் இணைத்து அனுப்புமாறு கேட்டிருந்தார்கள். இல்லாத சகோதரனுக்கு எந்த வட்டாட்சியரிடம் போய் வருமானச் சான்று வாங்குவது? விளக்கம் எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது.

கடிதத்தையும் என் விண்ணப்பப் படியையும் எங்கள் ஆங்கிலப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துப் பார்த்தவர், “தம்பி, உனக்கு எத்தனை அண்ணன்?” என்று கேட்டார். “ஒருத்தர்தான் சார்” என்றேன். “நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு பேராவது இருக்க வேண்டுமே. அவர்கள் கேட்டதில் தப்பில்லை” என்று கூறி, பேனாவை எடுத்து இரண்டு காற்புள்ளிகளை இட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த இரண்டு புள்ளிகள் என்ன செய்தன என்பது எனக்கு விளங்கப் பல நாள் ஆயிற்று. கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை நண்பர்களுக்காக இங்கு எழுதுகிறேன். ஆங்கிலத் துறையினர் பிழை கண்டால் பொறுத்தருள்க. எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஆங்கில எழுத்தைக் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிடும் நண்பர்களை நான் அறிவேன்.

மூச்சுக் கணக்கு

நம் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். காற்புள்ளி என்பது வாசிக்கும்போது மூச்சு விடும் இடம் என்று நாம் நம்புகிறோம். காற்புள்ளிக்கு ஒன்று எண்ணும் நேரம், அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என நிறுத்துக என்பது பழைய ஆங்கிலப் பாடநூல்கள் சிலவற்றின் விதி. நம் மொழியில் இக்குறிகளுக்கு வழங்கும் பெயர்களையே பாருங்கள்: கால், அரை, முக்கால், முற்று. அந்தக் கணக்கு அப்படியே பெயரில் உறைந்து கிடப்பதுபோல் இல்லையா?

இந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் இடம் இல்லாமலும் இல்லை. கி.மு. 200ஆம் ஆண்டை ஒட்டி அலெக்சாந்திரியா நூலகத்துக்குத் தலைவராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்டோஃபனிஸ் என்பவர், இடைவெளியின்றி எழுதப்பட்டிருந்த கிரேக்க நூல்களை உரக்கப் படிப்போருக்கு உதவியாக, நிறுத்தத்தின் அளவுக்கேற்ப மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையை வகுத்தார். ‘கொம்மா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வெட்டியெடுத்த துண்டு என்பது பொருள். முதலில் வாக்கியத் துண்டுக்குப் பெயராக இருந்தது, பின்னர் அத்துண்டின் முடிவைக் காட்டும் குறிக்குப் பெயராயிற்று. இன்று நாம் எழுதும் வளைந்த வால் வடிவம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனுட்டியசின் நூல்கள் வழியே பரவியது. அச்சு நூல் பெருகப் பெருக, மக்கள் உரக்கப் படிப்பதை விட்டுக் கண்ணால் படிக்கத் தொடங்கினர். காதுக்கு வேலை செய்த குறி, மெல்ல மெல்லக் கண்ணுக்கு வேலை செய்யும் குறியாக மாறியது. இன்றைய ஆங்கிலத்தில் காற்புள்ளி வாக்கியத்தின் எந்த உறுப்பு எதனோடு சேர்கிறது, எதனோடு சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. அங்கே மூச்சு நிற்பதும் உண்டு, நிற்காததும் உண்டு.

நம் ஓலைச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டே எழுதினார்கள். இன்றைய உரைநடைக் குறிகள் ஐரோப்பியர் கொண்டுவந்த அச்சோடு வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் நூல்களிலும் பதிப்புகளிலும் அவற்றை முறையாகக் கையாண்டு நிலைபெறச் செய்தார். அப்படியானால், அதுவரை குறியின்றி எழுதிய தமிழைப் படித்தவர்கள் எப்படிப் பொருள் கொண்டார்கள்? உரையாசிரியர்கள் உதவினார்கள் என்பது ஒரு விடை. அதைவிட முக்கியமான விடை, தமிழ்ச் சொல் தன் உறவைத் தன் வாலிலேயே கட்டிக்கொண்டு வருகிறது என்பது. ‘புலி மானைக் கொன்றது’ என்றாலும் ‘மானைப் புலி கொன்றது’ என்றாலும் செத்தது மான்தான். ‘ஐ’ உருபு அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் மான் புலியைக் கொன்றுவிடும். அங்கே உறவைக் காட்டுவது இடம். இடம் மட்டும் போதாத சந்திப்புகளில் காற்புள்ளி வந்து நிற்கிறது.

ஆகவே ஆங்கிலக் காற்புள்ளியைக் கற்கத் தமிழ் மாணவனுக்கு ஒரு நல்ல வழி உண்டு. தமிழில் உருபும் இடைச்சொல்லும் எச்சமும் எங்கெங்கே வேலை செய்கின்றன என்று பார்த்து, அந்த வேலையை ஆங்கிலத்தில் யார் செய்கிறார்கள் என்று தேடுவது.

உம்மைக்குப் பதில்

முதலில் எளிய இடம். ‘அரிசியும் பருப்பும் உப்பும் வாங்கினேன்’ என்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ‘உம்’, இது எண்ணும்மை. இப்படி எழுதும்போது இடையில் காற்புள்ளி வேண்டா என்று நம் தமிழாசிரியர்கள் சொல்வார்கள். ‘அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றை’ என்று உம்மையை நீக்கிச் செவ்வெண்ணாக எழுதினால்தான் காற்புள்ளி வேண்டும். ஆங்கிலம் எப்போதும் இரண்டாம் வகை. “ரைஸ், தால் அண்ட் சால்ட்” என்பதில் ‘அண்ட்’ கடைசியில் ஒரு முறைதான் வருகிறது. மற்ற இடத்து ‘உம்’களைக் காற்புள்ளி ஏற்றுக்கொள்கிறது. பெயர் இரண்டே என்றால் ‘அண்ட்’ ஒன்றே போதும். “மை ஃபாதர், அண்ட் மை மதர்” என்று எழுதுவது பிழை.

கடைசி ‘அண்ட்’டுக்கு முன்னும் காற்புள்ளி வேண்டுமா என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயே வழக்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வேண்டும் என்கிறது. பெரும்பாலான பிரித்தானியச் செய்தித்தாள்கள் வேண்டா என்று விட்டுவிடுகின்றன. எதைப் பின்பற்றினாலும் குற்றமில்லை, பொருள் கெடாதவரை. ஆண்டு விழா மேடையில் ஒருவர், “ஐ தேங்க் மை பேரண்ட்ஸ், த பிரின்சிபல் அண்ட் த வார்டன்” என்று எழுதிப் படித்தால், முதல்வரும் விடுதிக் காப்பாளரும் அவருடைய பெற்றோர் ஆகிவிடக்கூடும். ‘பிரின்சிபல்’ என்பதன் பின் ஒரு புள்ளி இட்டால் உறவு பெரிதும் தெளியும். ‘பேரண்ட்ஸ்’ஐக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டால் ஐயமே இல்லை.

இது நகைச்சுவையோடு முடிந்துவிடும் செய்தியும் அன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு மிகுதி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என்று சட்டம். சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. உணவுப் பொருளைப் பதப்படுத்தல், உறைய வைத்தல், உலர்த்தல், சேமித்தல் என்று காற்புள்ளியிட்டு அடுக்கிக்கொண்டு வந்த அந்த விலக்குப் பட்டியல், “பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்” என்று முடிந்தது. ‘ஷிப்மெண்ட்’ என்பதன் பின் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் வண்டியோட்டிகள் பொருளைக் கொண்டுபோய் வழங்குபவர்கள், கட்டுபவர்கள் அல்லர். விலக்கப்பட்டது ‘அனுப்புவதற்காகவோ வழங்குவதற்காகவோ கட்டுதல்’ என்ற ஒரே வேலையா, அல்லது ‘அனுப்புவதற்காகக் கட்டுதல்’, ‘வழங்குதல்’ என்ற இரண்டு வேலைகளா? முன்னதானால் வண்டியோட்டிகளுக்குப் பணம் உண்டு, பின்னதானால் இல்லை. 2017 மார்ச்சில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் இருபொருள் படுகிறது, ஆகவே உழைப்பாளிக்கு நன்மை தரும் பொருளையே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. சட்டமன்றமும் பட்டியலைத் திருத்தியது. காற்புள்ளியை நம்பாமல் உருப்படிகளுக்கிடையே அரைப்புள்ளிகளை இட்டுவிட்டார்கள்!

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தில் 27ஆம் பிரிவு தண்டனை கூறுவது. அன்றைய வாசகத்தில் குற்றங்கள் இப்படி அடுக்கப்பட்டிருந்தன: “மேனுஃபாக்சர்ஸ் ஃபார் சேல், செல்ஸ், ஸ்டாக்ஸ் ஆர் எக்சிபிட்ஸ் ஃபார் சேல் ஆர் டிஸ்ட்ரிபியூட்ஸ்.” மருந்தை வெறுமனே இருப்பு வைத்திருந்தாலே குற்றமா, விற்பதற்காக இருப்பு வைத்தால்தான் குற்றமா என்ற கேள்வி 1979இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ‘செல்ஸ்’ என்பதன் பின் காற்புள்ளி உண்டு. ‘ஸ்டாக்ஸ்’ என்பதன் பின் இல்லை. ஆகவே ‘ஃபார் சேல்’ என்னும் அடை காட்சிக்கு வைப்பதோடு இருப்பு வைப்பதையும் தழுவுகிறது. விற்பனை நோக்கம் மெய்ப்பிக்கப்படாமல் கையில் வைத்திருந்தது மட்டும் அப்பிரிவின்படி குற்றமாகாது என்று நீதிமன்றம் கூறியது. இதே உச்ச நீதிமன்றம் 1952இல் வேறொரு வழக்கில் நிறுத்தக்குறி சட்டப் பொருள்கோளில் சிறிய கூறுதான் என்று சொன்னதும் உண்டு. ஆனால் கவனமாகக் குறியிடப்பட்ட சட்டத்தில் ஐயம் எழுந்தால் அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொல்லியிருந்தார்கள்.

முற்றை எண்ணுங்கள்

நம் விடைத்தாள்களில் சிவப்பு மை மிகுதியாகக் கொட்டும் இடம் அடுத்தது. “இட் வாஸ் ரெயினிங், வி டிட் நாட் ப்ளே.” தமிழில் ‘மழை பெய்தது, நாங்கள் விளையாடவில்லை’ என்று எழுதினால் யாரும் குறை கூறமாட்டார்கள். ஆங்கிலத்தில் இது பெரும்பிழை. தன் எழுவாயும் தன் முற்றுவினையும் கொண்டு தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளி ஒன்றால் மட்டும் ஒட்ட முடியாது. அதற்கு அவ்வளவு வலு இல்லை. ஒட்ட வேண்டுமானால் ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’, ‘சோ’ போன்ற இணைப்புச் சொல் ஒன்று காற்புள்ளியோடு கூட வர வேண்டும். அல்லது அரைப்புள்ளி இட வேண்டும். எதுவும் தோன்றாவிட்டால் முற்றுப்புள்ளி வைத்துவிடுவது நலம். “த பெல் ராங், பட் த லெக்சரர் டிட் நாட் கம்” என்பது சரி.

ஆனால் “த லெக்சரர் கேம் அண்ட் சாட் டவுன்” என்பதில் ‘அண்ட்’டுக்கு முன் காற்புள்ளி வேண்டா. ஏன்? இங்கே எழுவாய் ஒருவரே. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘விரிவுரையாளர் வந்து உட்கார்ந்தார்.’ முதல் வினை எச்சமாகி, இரண்டாவதன் மேல் சாய்ந்துவிட்டது. முன்னதைத் தமிழில் சொன்னால், ‘மணி அடித்தது, ஆனால் விரிவுரையாளர் வரவில்லை.’ முற்று இரண்டு. இதிலிருந்து எனக்காக நான் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதவிருப்பதை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். ‘வந்து’, ‘போய்’, ‘எழுதி’ என்று வினையெச்சமாக இணைந்தால் ‘அண்ட்’டுக்கு முன் புள்ளி இல்லை, இரண்டு முற்றாகப் பிரிந்து நின்றால் புள்ளி உண்டு. எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பத்தில் எட்டு இடத்துக்குப் பொருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

இனி, ‘போது’, ‘ஆல்’ என்று தமிழில் முடியும் சார்பு வாக்கியங்கள். தமிழில் இவை முன்னாலேதான் வரும். ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது’ என்னும் சொல்லின் இறுதியே அத்துண்டு முடிந்ததை அறிவித்துவிடும். ஆங்கிலத்தில் ‘வென்’, ‘வைல்’, ‘இஃப்’ போன்ற சொற்கள் துண்டின் தலையில் நிற்கின்றன. எங்கே அது முடிகிறது என்பதற்கு வாலில் அடையாளம் இல்லை. விடுதி நிகழ்ச்சி ஒன்றை எழுதிய நண்பர், “வைல் வி வேர் ஈட்டிங் த ஸ்நேக் கேம் அவுட்” என்று எழுதினார். படிப்பவர் ‘ஸ்நேக்’ வரை வரும்போது விடுதியில் பாம்புக்கறி பரிமாறினார்கள் என்றுதான் கொள்வார். ‘ஈட்டிங்’ என்பதன் பின் ஒரு காற்புள்ளி. பாம்பு இலையிலிருந்து கூரைக்குப் போய்விடும். சார்பு வாக்கியம் முன்னே வந்தால் முடிவில் காற்புள்ளி இடுக. “த ஸ்நேக் கேம் அவுட் வைல் வி வேர் ஈட்டிங்” எனப் பின்னே வந்தால், ‘வைல்’ என்னும் சொல்லே எல்லை காட்டுவதால் பெரும்பாலும் தேவையில்லை.

என் அண்ணன் எத்தனை பேர்?

இப்போது என் உதவித்தொகைக்கு வருகிறேன். இதுவே தமிழ் மாணவனுக்கு மிகக் கடினமான இடம். தமிழில் இல்லாத ஒரு வேறுபாட்டை ஆங்கிலம் இங்கே கேட்கிறது.

‘திருப்பூரில் வேலை செய்யும் என் அண்ணன்’ என்று தமிழில் சொன்னால், அண்ணன் ஒருவரா, பலருள் ஒருவரா என்பது அந்தத் தொடரில் இல்லை. ‘செய்யும்’ என்னும் பெயரெச்சம் இரண்டுக்கும் பொதுவானது. கேட்பவர் நம் குடும்பத்தை அறிந்தவரானால் புரிந்துகொள்வார். அறியாதவரானால் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆங்கிலம் எழுத்திலேயே பிரித்துக் காட்டச் சொல்கிறது. “மை பிரதர் ஹூ ஒர்க்ஸ் இன் திருப்பூர்” என்று புள்ளியின்றி எழுதினால், ‘ஹூ’ எனத் தொடங்கும் துண்டு அண்ணனை அடையாளம் காட்ட வந்தது. பல சகோதரருள் திருப்பூரில் வேலை செய்பவர் என்பது பொருள். “மை பிரதர், ஹூ ஒர்க்ஸ் இன் திருப்பூர், லிவ்ஸ் செபரேட்லி” என இரு பக்கமும் புள்ளி இட்டு எழுதினால், அண்ணன் யார் என்பது முன்பே தெளிவு. திருப்பூர்ச் செய்தி கூடுதலாகச் சொல்லப்படுவது. எனக்குக் கடிதம் எழுதிய அலுவலர் ஆங்கிலத்தைச் சரியாகப் படித்தவர். நான்தான் சரியாக எழுதவில்லை.

சோதித்துப் பார்க்க எளிய வழி, அந்தத் துண்டை எடுத்துவிட்டு மிச்சத்தைப் படிப்பது. எவரை அல்லது எதைக் குறிக்கிறோம் என்பது இன்னும் தெளிவாக இருந்தால் காற்புள்ளிகளுக்குள் அடைக்கலாம். ‘எவர்?’ என்ற கேள்வி எழுந்தால் அடைக்கக் கூடாது. வரலாற்று மாணவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. “ராஜேந்திரா, ஹூ பில்ட் கங்கைகொண்ட சோழபுரம், வாஸ் த சன் ஆஃப் ராஜராஜா.” முதலாம் இராசேந்திரனைப் பற்றிய விடையில் அவன் பெயரே அவனைக் காட்டிவிட்டது, காற்புள்ளிகள் வேண்டும். “த சோழ கிங் ஹூ பில்ட் கங்கைகொண்ட சோழபுரம் வாஸ் த சன் ஆஃப் ராஜராஜா.” சோழ மன்னர் பலர், எந்த மன்னன் என்பதைக் காட்டுவதே ‘ஹூ’ துண்டுதான், காற்புள்ளி கூடாது. துண்டு ஒன்றே, அது சேரும் பெயர் மாறியதும் குறி மாறிவிட்டது.

“த ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஸ்டடீட் பாஸ்ட்” என்றால் படித்தவர்கள் மட்டும் தேறினர். ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்பதன் பின்னும் ‘ஸ்டடீட்’ என்பதன் பின்னும் காற்புள்ளி இட்டால், மாணவர் எல்லாரும் படித்தனர், எல்லாரும் தேறினர் என்று ஆகும். நம் வகுப்பைப் பற்றி எழுதும்போது எது பொருந்தும் என்பதை நண்பர்களே முடிவு செய்துகொள்க.

இங்கே இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். இவ்வகைக் காற்புள்ளிகள் அடைப்புக்குறியைப்போல் இரட்டைப் பிறவிகள். நாம் பெரும்பாலும் முதலாவதை இட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். “மை ஃபாதர், எ ஃபார்மர் இஸ் இல்” என்று நிற்கிறது வாக்கியம். திறந்த கதவை யாராவது சாத்த வேண்டாமா? ‘ஃபார்மர்’ என்பதன் பின்னும் ஒன்று வேண்டும். ‘ஹௌஎவர்’ போன்ற சொற்கள் நடுவில் நுழையும்போதும் இப்படியே.

விளியும் சில விலக்குகளும்

தமிழில் எட்டாம் வேற்றுமை விளி. ‘இராமன்’ என்பது அழைக்கும்போது ‘இராமா’ ஆகிவிடும். பெயரே உருவம் மாறி அறிவிப்பதால் ஐயத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் பெயர் மாறாது. “ஹெல்ப் ராமன்” என்றால் இராமனுக்கு உதவு. “ஹெல்ப், ராமன்” என்றால் இராமா, உதவு. எட்டாம் வேற்றுமையின் வேலை முழுவதையும் அந்த ஒரு வால் செய்துவிடுகிறது. “யெஸ், சார்”, “தேங்க் யூ, சார்” என்பனவற்றிலும் காற்புள்ளி வர வேண்டியது இதனால்தான்.

இட வேண்டிய இடங்களைவிட இடக்கூடாத இரண்டு இடங்களை நினைவில் வைத்தால் நமக்கு மதிப்பெண் அதிகம் மிஞ்சும். ஒன்று, எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே. “த ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் அவர் காலேஜ், வென்ட் ஆன் எ டூர்” என்று எழுதுகிறோம். எழுவாய் நீண்டுவிட்டதால் மூச்சு நிற்கிறது. மூச்சு நின்ற இடத்தில் புள்ளி விழுகிறது. எழுவாயையும் பயனிலையையும் ஒற்றைக் காற்புள்ளியால் பிரிக்கக் கூடாது. இதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நீண்ட எழுவாய்க்குப் பின் இப்படிப் புள்ளி இடுவது வழக்கமாகவே இருந்தது. 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றியது. அதன் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஒரு காற்புள்ளி இன்றும் நிற்கிறது. அதன் புள்ளிகள் காட்டும் பொருள் என்ன என்று அந்நாட்டு நீதிமன்றங்களில் வாதாடியிருக்கிறார்கள். நாம் அந்தக் காலத்து முறையில் எழுதினோம் என்று வாதிட்டால் தேர்வாளர் ஏற்பாரா என்பது ஐயமே.

மற்றொன்று ‘தட்’ என்பதன் பின். “ஹீ செட் தட், ஹீ உட் கம்.” இதை எழுதாத மாணவர் நம் கல்லூரியில் இருந்தால் அவரை வணங்குகிறேன். ‘என்று’ என்னும் சொல்லைத் தமிழில் கூற்றின் முடிவில் வைத்துப் பழகிய நமக்கு, ஆங்கிலத்தில் ‘தட்’ முன்னாலேயே வந்துவிடுவதால், சொன்னவனையும் சொன்னதையும் பிரித்துக் காட்ட வேண்டும்போல் தோன்றுகிறது. ‘தட்’ கூற்றைச் சேர்ப்பதற்கே வந்த சொல். சேர்க்க வந்தவரின் பின்னால் வேலி கட்டக் கூடாது. நேர்கூற்றில் மட்டும் “ஹீ செட்,” என்று புள்ளி இட்டு மேற்கோளைத் திறக்கலாம்.

கடித முகவரி, தேதி இவற்றில் வரும் புள்ளிகளை எந்தக் கட்டுரைப் பயிற்சி நூலிலும் காணலாம். இங்கு எழுதிப் பக்கத்தை நிரப்ப விரும்பவில்லை. எண்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நாம் ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுதுகிறோம். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் 100,000 என்பர். செருமனி, பிரான்சு போன்ற நாடுகளில் காற்புள்ளி பதின்மப் புள்ளியாக நிற்கும். அங்கே 3,5 என்பது மூன்றரை. வெளிநாட்டு நூல்களில் புள்ளிவிவரம் எடுப்போர் கவனிக்க.

இந்த ஆண்டும் அதே அறக்கட்டளைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சென்ற ஆண்டு எழுதிய அதே பத்து வரிகள்தாம். ‘பிரதர்’ என்பதன் பின் ஒன்றும் ‘திருப்பூர்’ என்பதன் பின் ஒன்றுமாக இரண்டு காற்புள்ளிகள் கூடியிருக்கின்றன. அஞ்சலில் சேர்க்கும் முன் அண்ணனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “போன வருஷம் எழுதினதும் இதுதானேடா?” என்றார்.